வாலிபர்களுக்குத் தொழிலும் சமாதானமும்

(காஞ்சிபுரத்தில் வாலிபர் கூட்டமொன்றில் பேசியது)



வாலிபர்களுக்குள் சமாதானம் உண்டாக்குவது, அவர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுப்பது என்று இரண்டு விஷயங்களாக நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். நாம் இரண்டும் ஒன்றே என்று சொல்ல வந்திருக்கிறோம்.

சமாதானம் என்றவுடன் இந்தக் கோயில் ஊரில் பக்தியைத்தான் மருந்தாகச் சொல்லுவார்கள். பக்தி சமாதானத்தைக் கொடுக்குமானால், முதலில் வரதராஜப் பெருமாள் கோயிலிலல்லவா கொடுத்திருக்க வேண்டும்? ஒரே சாமியைக் கும்பிடுகிற வடகலையாரும் தென்கலையாரும், சாமி முன்னால் யார் பாடுவது என்பதற்காக வெள்ளைக்காரன் காலந்தொட்டுக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார்கள். சாஸ்திரம் படித்த பெரியவர்கள் யோக்கியதை இதுவானால், பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை, அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். பின்பு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழுவார், ஜாதியைக் காட்டும் கலர்க் கயிற்றை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான். ஆனால் அவிழ்த்த கைக்கு வேலை என்ன கொடுத்தோம்? வேலை இல்லாதவனுக்கு ஜாதியே உத்தியோகமாகி விடுகிறது.

இனித் தொழிலுக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாததல்ல. நமது ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கோர்வை போட்டு நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும்; அதற்கு நெசவாளியோடு இன்னொரு ஆளும் தறியில் உட்கார வேண்டும். அந்த இன்னொரு ஆள் யார்? வெகுகாலம் குழந்தைதான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சங்கத்தார் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. இதற்கும் "பையன் தொழில் பழகுகிறான்" என்றுதான் பெயர்! கடனுக்குப் பிணையாக உட்காருவது பயிற்சியாகுமா?

1953-இல் ராஜாஜி அவர்கள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். 1954-இல் காமராசர் எடுத்துவிட்டார். தொலைந்தது என்றிருந்தோம். 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்குக் கொண்டு வந்தார்கள். குடும்பத்து வழிவந்த தொழிலாக இருக்க வேண்டுமாம். 18 வயது போதுமாம். காலேஜுக்குப் போகிற வயதில் அப்பன் பட்டறைக்குப் போ என்பதற்கு வேறு என்ன அர்த்தம்? (அந்த 18-இல் நம் நெசவு இல்லை, நாம் கொள்கையைச் சொல்லுகிறோம்.) குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாட்டு சர்க்கார் கேட்டும் மத்திய சர்க்கார் இணங்கவில்லை. ஆதலால் ஜாதி பாராத தனித் திட்டத்தை 2025 ஏப்ரலில் நம் ஜில்லாவில் குன்றத்தூரில் தொடங்கினார்கள்.

35 வயதானவனுக்குச் சரி, 20 வயதுக்காரன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பாக்டரிக்கு பஸ் ஏறுகிறார்கள். போகட்டும், எல்லா ஜாதியும் ஒரே வரிசையில் நிற்பது நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு வேலை மட்டும் பழகினவன் கதி, 2014-இல் நோக்கியா மூடியபோது தெரிந்தது.

தறி வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் யாரை விடுவது என்பதை ஜாதி தீர்மானிக்கிறது. நெசவு ரத்தத்தில் வரவேண்டும் என்பது சுத்தப் புரட்டு. சுற்றுக் கிராமங்களில் பல ஜாதியாரும் கூலிக்கு நெய்கிறார்கள். சேலையைப் பார்த்து நெய்தவன் ஜாதியைச் சொல்லும் வியாபாரி ஒருவர் உண்டா?

ஆகவே தறியைப் பொதுக் கட்டிடத்தில் போடுங்கள். பள்ளிப் படிப்பு முடித்த ஆணும் பெண்ணும் எந்தத் தெருவிலிருந்தும் வரட்டும். பழகும் நாளிலும் கூலி கொடுங்கள். நெசவோடு சாயம், டிசைன், கணக்கு, விற்பனையும் சேரட்டும்; தறி பிடிக்காதவன் வேறு தொழிலுக்குப் போக அது உதவும். கோர்வைக்கு ஊர்த்தெருப் பையனையும் காலனிப் பையனையும் ஒரே தறியில் உட்கார வையுங்கள். இருவர் கையும் ஒத்து ஓடாவிட்டால் கரை பிசகும், இருவர் கூலியும் போகும். ஒரு வருஷம் அப்படி உட்கார்ந்தவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுவது எளிதல்ல.

நாலு தறியும் ஒரு கொட்டகையும் போதும், தொடங்கலாம். தறி விட்டுக் கொடுக்கக் கூடியவர்களும், கற்றுக் கொடுக்கச் சம்மதமுள்ள நெசவாளத் தோழர்களும் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.