பசிக்கிறவரைக் கேட்டு நேரத்தைக் குறியுங்கள்!

(தலைப்பு: கப்பல் சுற்றுலாவில் இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்றது முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? முதல் பந்தி அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, பசியையே வென்றுவிட்ட எதிரணி ஞானிகளே, (சிரிப்பு) தட்டைக் கையில் வைத்துக்கொண்டே டி.வி. பார்க்கும் தாய்மார்களே!

கப்பல் ஏறாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிடறேன். மயாமியில் ஏறினா, கரீபியன் தீவுகளைச் சுற்றிக்காட்டி ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடும் கப்பல்கள் இருக்கு. 2024 ஜனவரியில் அங்கிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் பயணிகள் மட்டும் 7,600 பேர் வரை ஏறலாம். இத்தனை பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்க எந்த மண்டபத்தால் முடியும்? நம்ம கல்யாண வீட்டில் என்ன செய்வோம்? பந்தி பந்தியா உட்கார வைப்போம். அங்கேயும் அதேதான். முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாம் பந்தி எட்டு, எட்டரைக்கு. எது வேணும்னு டிக்கெட் வாங்கும்போதே சொல்லணும். சொல்லிட்டா வாரம் பூராவும் அதே நேரம், அதே மேஜை, பரிமாறுகிறவரும் அதே ஆள். கல்யாணத்தில் பந்தி தப்பினா ஒரு வேளையோட போச்சு. இங்கே ஏழு ராத்திரி!

'நினைச்ச நேரத்தில் சாப்பிடலாமே' என்பீர்கள். நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2000-லேயே அதை ஆரம்பிச்சது. மற்றவர்களும் பின்னால வந்தாங்க. ஆனா தலைப்பு அது இல்லை. அந்தப் பக்கம் போனா நடுவர் மணியடிச்சுடுவார். (சிரிப்பு)

எதிரணி நண்பர் சொன்னார்: 'முதல் பந்திக்குப் போனா சூரிய அஸ்தமனம் போச்சு!' ஐயா, டிசம்பரில் மயாமியில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்போ நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஆட்கள் பிள்ளைகளோட பள்ளிக்கூட லீவு பார்த்துத்தானே போறாங்க? ஜூலையில் அங்கே சூரியன் மறைவது எட்டே கால் வாக்கில். அந்த நேரத்தில் மேஜையில் சூப்புக்காகக் காத்திருப்பது யார்? இரண்டாம் பந்திக்காரர்! (கைதட்டல்) அலாஸ்கா பக்கம் போங்க. ஜூன் கடைசியில் ஜூனோ நகரத்தில் பத்து மணிக்குத்தான் அஸ்தமனம். முதல் பந்தியை முடிச்சிட்டு மேல்தளத்துக்கு வந்தா, பனிமலையையும் திமிங்கிலத்தையும் நிதானமா வேடிக்கை பார்க்கலாம்.

'கரையில் ஊர் சுற்றிட்டு ஐந்து மணிக்கு வந்தா, குளிச்சுக் கிளம்பவே நேரமில்லை' என்றார். நியாயம்தான். ஆனா கரையில் இறங்குவது எல்லா நாளும் இல்லையே! இறங்கின அன்னிக்கு மட்டும் பஃபேயில் சாப்பிட்டா யாரும் அபராதம் போட மாட்டாங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை, ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவை ஆசையாக் கப்பலுக்குக் கூட்டிப்போறான். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் ஊசி. பேரனுக்கு நாலு வயசு. மகன் நாகரிகமா எட்டரைப் பந்தி எழுதிட்டான். என்ன ஆகும்? சூப்பு, பெரிய தட்டு, இனிப்புன்னு ஒன்றரை, இரண்டு மணி நேரம். முடியும்போது பத்து. பேரன் ரொட்டியோட தூங்கிட்டான். மருமகள் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் முள்கரண்டி. இன்சுலின் போடறவங்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். படுக்கப்போறதுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடியே சாப்பிடச் சொல்றாங்க டாக்டர்கள். பத்து மணிக்குக் கை கழுவுகிற பெரியவர் எப்போ படுப்பார்? நெஞ்செரிச்சலோட நட்சத்திரத்தை எண்ண வேண்டியதுதான்!

'ஐந்து மணிக்குப் பஃபேயில் ஏதாவது கொடுத்துட்டாப் போச்சு' என்பார்கள். கொடுக்கலாம். அப்புறம் எட்டரைக்கு அந்த அம்மா வயிறு நிறைஞ்சு, மத்தவங்க சாப்பிடறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். ஒன்றாகச் சாப்பிடத்தானே ஐயா இத்தனை செலவு பண்ணிக் கூட்டிவந்தோம்?

அந்த அம்மா வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். 'உங்க சௌகரியம் எப்படியோ அப்படிப்பா' என்பாள். நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த வாக்கியம் அது. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டே பழகினவள் அவள். கடலுக்கு நடுவிலும் அவளைக் கடைசிப் பந்தியிலா உட்கார வைப்பது? (பலத்த கைதட்டல்)

காத்திருக்க முடிந்தவர்கள் எட்டரைக்கும் சாப்பிடுவார்கள், ஆறுக்கும் சாப்பிடுவார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு ஆறு மணி ஒன்றுதான் வழி. குடும்பத்துக்கான நேரத்தை அவர்களை வைத்துத்தான் குறிக்க வேண்டும். 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை நாம இத்தனை நாளா நமக்காகவே வச்சிருந்தோம். இனி வயசானவர்களையும் குழந்தைகளையும் முந்த வைப்பதற்கு வைத்துக்கொள்வோம்.

ஆகவே, குடும்பத்தோடு போகிற கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்றது முதல் பந்தியே என்று தீர்ப்பளிக்க வேண்டும், அதுவும் நம்ம எல்லாருக்கும் பசி எடுப்பதற்கு முன்னால் அளிக்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.