ஐந்நூற்றாறு கெஜமும் ஒரு பந்தும்

(வானொலி மறையுரை)



நாங்கள் இருவர், தமிழகத்திலிருந்து சென்ற குருக்கள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு அருகே ஒரு பங்கில் சில ஆண்டுகள் பணியாற்றினோம். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்குள்ள பெரியவர்கள் எங்களுக்கு ஒரு புத்திமதி சொன்னார்கள். "ஃபாதர், நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பிரசங்கம் வையுங்கள். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கௌபாய்ஸ் ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்." வேடிக்கையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். இரண்டாவது ஞாயிறு எட்டாவது நிமிடத்தில் பின்வரிசையில் கார் சாவிகள் குலுங்கும் ஓசை கேட்டது.

கௌபாய்ஸ் என்பது டாலஸ் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணி. நாம் ஆடும் கால்பந்து அல்ல இது. தேங்காய் போன்ற நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். ஓர் அணிக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேரும் கை ஒருவருடையது. அவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஆட்கள் தன்மேல் பாய்ந்து வரும்போது, இரண்டு மூன்று விநாடிக்குள் யாரிடம் எறிவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். வென்றால் புகழ் அவருக்கு. தோற்றால் மற்றப் பத்துப் பேரின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

அந்த ஊரில் இந்த அணி ஏறக்குறைய ஒரு பக்தி. 1971 முதல் 2008 வரை அவர்கள் ஆடிய பழைய அரங்கத்தின் கூரை நடுவில் திறந்திருக்கும். கடவுள் தம் அணி ஆடுவதைப் பார்ப்பதற்காகத்தான் அந்தத் திறப்பு என்று சிரிப்பார்கள். கத்தோலிக்கராகிய நமக்கும் அந்த அணியின் கதையில் ஒரு பங்கு உண்டு. 1975 டிசம்பர் 28 அன்று, மினசோட்டாவில், ஆட்டம் முடிய அரை நிமிடமே இருக்க, அப்போதைய குவார்ட்டர்பேக் ராஜர் ஸ்டாபாக் பந்தை ஐம்பது கெஜம் தூரம் வீசினார். ட்ரூ பியர்சன் அதைப் பிடித்தார். அணி 17க்கு 14 என்று வென்றது. எறிந்தபோது கண்களை மூடிக்கொண்டு 'அருள்நிறை மரியே' சொன்னதாகப் பிறகு ஸ்டாபாக் சொன்னார், அவர் கத்தோலிக்கர். அதன்பின் அப்படிப்பட்ட கடைசி நேர நீள வீச்சுக்கு அந்தச் செபத்தின் பெயரே நாடெங்கும் நிலைத்துவிட்டது. கோவிலுக்கே போகாதவர்களும் மாதாவின் செபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

ஸ்டாபாக் இரண்டு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்றார். 1990களில் ட்ராய் ஐக்மன் மூன்று முறை வென்றார். இவர்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்தான் டோனி ரோமோ.

ரோமோவை யாரும் தேடிப் பிடித்துக் கொண்டுவரவில்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு ஆண்டுதோறும் நடக்கும். 2003இல் அதில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. தாமாக வந்து சேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2006 அக்டோபரில் வாய்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே நாடறிந்த ஆட்டக்காரராகிவிட்டார். அந்தப் பருவத்தின் முடிவில், 2007 ஜனவரி 6 அன்று, சியாட்டில் நகரில் வெளியேற்றுச் சுற்று ஆட்டம். டாலஸ் 20, சியாட்டில் 21. ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான நேரம் மிச்சம். பத்தொன்பது கெஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பினால் போதும். உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பவர் ரோமோ. ஓரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் செய்த சிறு வேலை அது. முதல் ஆட்டக்காரர் ஆன பிறகும் யாரும் அதை அவரிடமிருந்து மாற்றிக்கொடுக்கவில்லை. பந்து அவர் கையிலிருந்து நழுவியது. எடுத்துக்கொண்டு ஓடினார். கோட்டுக்குச் சற்று முன்னால் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார்கள்.

அன்று தொடங்கிய வழக்கு பத்து ஆண்டு நீடித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது உச்சத்தில் இருந்தது. திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் காப்பியும் டோநட்டும் கொடுப்பார்கள். அங்கே ஆண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பார்கள். "முக்கியமான நேரத்தில் அவனுக்குக் கை நடுங்குகிறது, ஸ்டாபாக்குக்கு நடுங்கியதா?" என்று ஒரு கூட்டம். "2011இல் விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் காயத்தோடு திரும்பி வந்து சான்பிரான்சிஸ்கோவை வென்றானே, அது முக்கியமான நேரம் இல்லையா?" என்று மறு கூட்டம். அவர்களிடையே ஓய்வு பெற்ற பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். அவர் எந்தக் கூட்டத்திலும் சேரமாட்டார். "எந்த எறிதலைச் சொல்கிறாய்? எத்தனையாவது முயற்சி? யார் ஆளில்லாமல் நின்றான்?" என்று மட்டும் கேட்பார். பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. அப்போது அவர் டோநட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

நேயர்களே, குறை சொல்வதே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தப் பயிற்சியாளரைவிடக் கடுமையாக ரோமோவைக் குறை சொன்னவர் அந்த மண்டபத்தில் இல்லை. தேவையில்லாத இடத்தில் துணிந்து எறிகிறான் என்று, எறிதல் எறிதலாக எடுத்துக் காட்டுவார். ஆனால் அவன் கோழை என்றோ, அவன் நெஞ்சில் உரமில்லை என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதெல்லாம் தமக்கு எப்படித் தெரியும் என்பார்.

நாங்களோ அவரைப்போல் இருக்கவில்லை. இனி சொல்லப்போவது எங்கள் குற்றம்.

2013 அக்டோபர் 6, ஞாயிறு. டென்வர் அணியோடு ஆட்டம். அன்று ரோமோ எறிந்த பந்துகள் மொத்தம் 506 கெஜம் போய்ச் சேர்ந்தன. அந்த அணியின் வரலாற்றில் அதற்குமுன் யாரும் ஒரே ஆட்டத்தில் 500 கெஜத்தைத் தொட்டதில்லை. ஐந்து முறை கோட்டைத் தாண்டும்படி எறிந்தார். அவருடைய அணி 48 புள்ளிகள் எடுத்தது. எதிரணியும் 48. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் எறிந்த ஒரு பந்தை டென்வர் ஆட்டக்காரர் பிடித்துக்கொண்டார். டென்வர் 51, டாலஸ் 48. தங்கள் தடுப்பு ஆட்டக்காரர்கள் ஐம்பத்தோரு புள்ளிகளை விட்டுக்கொடுத்ததைப் பற்றி மறுநாள் யாரும் பேசவில்லை. பெட்ரோல் பங்க்கிலும் முடிதிருத்தும் கடையிலும் அந்த ஒரு பந்தைத்தான் பேசினார்கள்.

அடுத்த ஞாயிறு, பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு. லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணமடைந்து ஒருவர் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வரும் பகுதி. சனிக்கிழமை இரவு நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வேடிக்கையைத் தயாரித்தோம். மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள்? ரோமோ கடைசியாக எறிந்த பந்தைப்போல, எதிரணியிடம் போய்விட்டார்கள். அவ்வளவுதான் வேடிக்கை. மறுநாள் அதைப் பீடத்தில் சொன்னவர் எங்களில் யார் என்பதை விட்டுவிடுகிறோம். இருவருக்கும் சம பங்கு. கோவில் முழுவதும் சிரித்தது. அந்த மக்களோடு ஒன்றிவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திருப்பலி முடிந்து வாசலில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் வரிசையின் கடைசி வரை காத்திருந்து எங்களிடம் வந்தார். அவருடைய மகன், பதினாறு வயது, பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். டெக்சாசில் வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஆட்டத்துக்கு ஊரே கூடும். இரண்டு நாளைக்கு முன்பு, கடைசி நிமிடத்தில், அவனும் பந்தை எதிரணி ஆளின் கையில் எறிந்துவிட்டான். அன்று இரவே பள்ளி நண்பர்கள் அவனுக்கு ரோமோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலரியிலிருந்து பெரியவர்களும் கத்தினார்களாம். "இன்று கோவிலுக்கு வரமாட்டேன் என்றான் ஃபாதர். இங்கே யாரும் அதைப் பேசமாட்டார்கள் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்" என்றார் அந்தத் தாய். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் சிரித்தபோது அவனும் சிரித்திருக்கிறான்.

நாசரேத்து தொழுகைக்கூடத்தில் நடந்ததை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம். ஆண்டவரின் வாயிலிருந்து வந்த அருள்மொழிகளைக் கேட்டு வியந்த அதே மக்கள், சற்று நேரத்தில் அவரை மலை விளிம்புக்கு இழுத்துப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கொடியவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் சொந்த ஊர்க்காரர்கள், பக்கத்து வீட்டார், ஓய்வுநாளில் வேதம் கேட்க வந்தவர்கள். அவரிடம் பெரிதாக எதிர்பார்த்தவர்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றதும், தங்களுக்குச் சேர வேண்டிய எதையோ அவர் திருடிவிட்டதுபோல் கொதித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்குக் காப்பி மணம் வருகிறது.

திங்கட்கிழமை மாலை அந்த வீட்டுக்குப் போனோம். என்ன சொல்வது என்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனோம். அவன் பின்முற்றத்தில் இருந்தான். மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை ஃபாதர், நல்ல ஜோக்தான்" என்றான், எங்களைப் பார்க்காமல். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. கடைசியில் எங்களில் ஒருவர், அந்தப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். உண்மையாகவே எங்களுக்குத் தெரியாது. அவன் எங்கள் விரல்களைப் பிடித்துத் தையல்மேல் வைத்தான். எறிந்து பார்க்கச் சொன்னான். எங்கள் பந்து வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு நாயிடம் போனது. "இப்போது யாரும் உங்களைத் துரத்தவில்லை என்பதை நினைவில் வையுங்கள்" என்றான். அப்போதுதான் முதல்முறை சிரித்தான். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, பெயர் எதுவும் சொல்லாமல், முந்தின வார வேடிக்கைக்காக மன்னிப்புக் கேட்டோம். சிலர் அதையும் வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார்கள். பயிற்சியாளர் மட்டும் வாசலில் எங்கள் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தார்.

டிசம்பர் 22 அன்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து வாஷிங்டன் ஆட்டத்தைப் பார்த்தோம். தகப்பனார் வழக்கம்போல் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். பையன்தான், "அப்பா, அவர் நடக்கிறதைப் பாருங்கள். இடுப்பில் ஏதோ ஆகியிருக்கிறது" என்றான். தகப்பனார் பேச்சை நிறுத்தினார். நான்காவது முயற்சி, கடைசி வாய்ப்பு. பத்து கெஜம் தூரத்திலிருந்து ரோமோ எறிந்தார், டிமார்கோ மரே பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். 24க்கு 23. முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கிய நிலையில் அவர் அன்று ஆடினார் என்பது பிறகு தெரிந்தது. அந்த வாரத்திலேயே அறுவை சிகிச்சை. அதற்கடுத்த ஆட்டத்தில் அவர் இல்லாமல் அணி தோற்றது. பங்கு மண்டபத்தில் அதற்கும் அவரைக் குறை சொன்ன ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி வேண்டாம்.

நாங்கள் தாயகம் திரும்பிய பிறகு, 2016 நவம்பரில், அந்தப் பையன் ஒரு காணொளி அனுப்பினான். அப்போது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பருவம் தொடங்குமுன்பே முதுகெலும்பு முறிந்து ரோமோ வெளியே இருந்த வாரங்களில், டாக் பிரெஸ்காட் என்ற புதிய இளைஞர் அவர் இடத்தில் ஆடித் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். ரோமோ குணமடைந்துவிட்டார். இனி யார் ஆடுவது என்று நாடே வழக்காடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் வாசித்தார். அந்த இடம் இப்போது இளைஞனுக்கு உரியது, அவன் உழைத்துப் பெற்றது என்றார். இழந்தது வலிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. யாரும் கேள்வி கேட்க இடம் கொடுக்காமல் எழுந்து போனார்.

பத்து ஆண்டுகளில் தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட எதற்கும் அவர் அதில் பதில் சொல்லவில்லை. நாங்கள் அதை இரண்டு முறை பார்த்தோம். காணொளிக்குக் கீழே பையன் ஒரு வரி எழுதியிருந்தான்: "ஃபாதர், சனிக்கிழமைகளில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருவன் பந்தை நழுவவிட்டு அழுதான். அவன் பெயர் டோனி." நள்ளிரவு என்றும் பாராமல் அவனைத் தொலைபேசியில் அழைத்தோம். டெக்சாசில் அப்போது பகல்.