வாடகைக்கு வரும் வலிமை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை உயர்ந்து நம் சங்கக் கட்டடம் தாழ்ந்துவிட்டமையால், மழைக்காலந்தோறும் நூலகத்தினுள் நீர் புகுகின்றது. கட்டடத்தை ஜாக்கிகளால் மூன்றடி உயர்த்தலாம் என்னும் யோசனை செயற்குழுவின்முன் உள்ளது. ஜாக்கிகளை வாடகைக்கே எடுக்கவேண்டும். பண்டசாலைக் குமாஸ்தாவுக்கு இதில் என்ன தெரியும் என்பீர்கள். ஜாக்கிகள் வருவதும் பழுதாவதும் என் பேரேட்டில்தானே பதிவாகின்றன!

எண்ணெய் ஜாக்கியின் தத்துவம் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டது. 1795-இல் பிரமா என்னும் ஆங்கிலேயர் அதனைக்கொண்டு அழுத்தப்பொறி செய்து காப்புரிமை பெற்றார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு தண்டினை 10 கிலோ எடையால் அழுத்தினால், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெரிய தண்டு 1,000 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரியது ஒரு சென்டிமீட்டர் உயர, சிறியது 100 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். இனாமாக ஒன்றும் கிடைப்பதில்லை.

தூக்குவதில் வல்ல இக்கருவி, தாங்கி நிற்பதில் அத்துணை வல்லதன்று. திருகு ஜாக்கி மரைகளின் உராய்வினால் நிற்கும். எண்ணெய் ஜாக்கியோ ஒரு வாஷரை நம்பி நிற்கின்றது. அது தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பாரம் மெல்ல இறங்கும்.

வேல்ஸ் நாட்டு மெனாய் நீரிணையில் ராபர்ட் ஸ்டீபன்ஸன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டிவந்தார். 1849-இல், ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்புக் குழாயொன்றை நீரழுத்தப் பொறியால் உயர்த்துங்கால், பொறியின் உருளை உடைந்து வீழ்ந்தது. ஒருவர் உயிரிழந்தார். ஆயினும் குழாய் சில அங்குலமே இறங்கி நின்றுவிட்டது. அது உயர உயர அதன்கீழ் அடைப்புக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும் என்று ஸ்டீபன்ஸன் கட்டளையிட்டிருந்தமையே காரணம்.

நம் கட்டடத்தின்கீழ் வேலை செய்யப்போகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்களே. ஜாக்கி எத்தனை டன் என்பதை மட்டும் கேட்டால் போதாது. கடைசியாக எப்பொழுது பாரமேற்றிச் சோதித்தார்கள் என்று கேட்கவேண்டும். நாள்வாடகை இன்னொரு தொல்லை. புதுச்சுவர் இறுகுமுன் ஜாக்கியை உருவிச் செல்லவே அது தூண்டும். மொத்த வேலைக்குமாகப் பேசுவதே நலம் என்பது என் கருத்து.

விலைப்புள்ளிகள் மூன்று வந்துள்ளன. அவற்றுள் இரண்டில் அடைப்பு மரக்கட்டைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்விருவரையும் வரும் ஞாயிறன்று அழைத்து விசாரிக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.