வீட்டுக்காரரும் குடியிருப்பவரும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாகச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்த கடைவீதி ராகலை. அவ்வீதியில் ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விடுதல் எளிய காரியம் போலத் தோன்றும். உண்மையில் அது அறிவையும் பொறுமையையும் ஒருங்கே வேண்டும் தொழிலாகும்.

மலைநாட்டில் இத்தொழிலுக்குத் தனியானதொரு பின்னணி உண்டு. சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வீட்டுக்கு உரிமையாளரும் அல்லர், வாடகைக்காரரும் அல்லர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போய்விடும் என்ற அச்சம் என்றும் இருந்தது. கூரைத் தகரம் ஒன்று மாற்ற வேண்டுமெனினும் துரையின் அலுவலக வாசலில் நின்று கேட்க வேண்டும். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறியது. நிர்வாகங்கள் மாறினவேயன்றி, லயத்தில் வாழ்ந்தோர் கைக்குக் காணி உறுதி வரவில்லை. பின்னாளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டம் தொடங்கியது; எனினும் லயத்திலேயே காத்திருப்போர் இன்றும் பலர்.

அத்தகைய லயத்திற் பிறந்த ஒருவர், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் கடைவீதியில் வீடு கட்டி, ஓர் ஆசிரியருக்கோ மரக்கறி வியாபாரிக்கோ வாடகைக்கு விடுகிறார் என்று கொள்வோம். அன்று முதல் அவரே வீட்டுக்காரர். தொல்லைகளும் அன்றே தொடங்குகின்றன.

முதல் தொல்லை மழை. உடப்புசல்லாவைப் பக்கத்துச் சரிவுகளில் வடகீழ்ப் பருவமழை கடுமையாகப் பெய்யும். தகரத்தின் ஆணித்துளை வழியே நீர் கசியும். சுவரில் பூஞ்சணம் படரும். கான் அடைபட்டால் வீட்டின் பின்புற மண் கரையும். கூரையையும் மண்ணைத் தாங்கும் சுவரையும் பேணுவது வீட்டுக்காரர் பொறுப்பு; கானைக் குப்பையின்றி வைத்திருப்பது குடியிருப்பவர் கடமை. இதனை முன்னரே பேசி வைக்காவிடின், முதல் மழையிலேயே மனக்கசப்பு மூளும்.

அடுத்தது வாடகை. "அண்ணன், மரக்கறி விலை விழுந்துவிட்டது; பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பார் வியாபாரி. வீட்டுக்காரருக்கோ வங்கிக் கடனின் தவணை நாள் நெருங்கியிருக்கும். மின்சாரப் பட்டியலும் அவர் பெயரிலேயே வரும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

சட்டம் இங்கு யாது செய்கிறது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தாலும் வலுப்பெற்றது. வாடகைக்காரரைக் காரணமின்றி வெளியேற்றலாகாது என்பதே அதன் நல்நோக்கம். ஆயினும் குறைந்த வாடகையில் நெடுங்காலம் தேங்கிய வீடுகளைத் திருத்த உரிமையாளர் மனங்கொள்ளவில்லை. விட்டால் மீளாது என்று அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்தோரும் உளர். 1980இலும் 2002இலும் செய்த திருத்தங்கள் சிலவகை வீடுகளுக்கு விலக்களித்தன.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிடின் செல்லாது என்பது அதன் விதி. சிற்றூரிலோ, "தெரிந்தவர்தானே" என்று வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். ஈராண்டுக்கென்று வாயாற் பேசியது சட்டத்தின் முன் மாத வாடகையாகவே சுருங்கிவிடலாம். முற்பணம் எவ்வளவு, எதற்காகக் கழிக்கலாம் என்பதும் தகராறாகும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில. நொத்தாரிசு மூலம் உடன்படிக்கை எழுதுக. முற்பணத்தையும் திருத்த வேலையின் பொறுப்பையும் அதிலே குறித்திடுக. குடிவரும் நாளில் மின்மானியின் அளவையும் கதவு, கண்ணாடி, குழாய் இவற்றின் நிலையையும் இருவரும் பார்த்து ஒப்பமிடுக. பெறும் வாடகைக்கு மாதந்தோறும் பற்றுச்சீட்டு வழங்குக. வீடு தேவைப்பட்டால் முன்னறிவித்தல் கொடுத்து, பிள்ளைகளின் பள்ளித் தவணை முடியும்வரை பொறுத்தல் பண்பாகும்.

இவையெல்லாம் வீட்டுக்காரரின் பணத்தைக் காப்பதற்கு மட்டும் சொல்லப்பட்டவையல்ல. எந்த நாளில் வெளியேறச் சொல்வார்களோ என்ற அச்சத்தோடு உறங்குவது எத்தகையது என்பதை லயத்திற் பிறந்தவர் நன்கறிவார். தம் பெற்றோர் அறியாத உறுதிப்பாட்டைத் தம் வீட்டிற் குடியிருப்பவருக்கு அவரால் வழங்க முடியும். மாத முடிவில் அவர் எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டு சிறு துண்டுக் காகிதமே. ஆயினும் அவருடைய தந்தையார் ஆயுள் முழுவதும் ஒரே அறையில் வாழ்ந்தும், இன்னார் இங்கு வாழ்கிறார் என்று சொல்லும் அத்தகைய காகிதம் ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை.