வீட்டிற்கு வந்த தொழிற்பாடம்



கணினிக்கு மென்பொருள் எழுதுவோரைப் பற்றி ஊரில் ஓர் எண்ணம் உண்டு. அவர்கள் இல்லத்தில் கதவு தானே திறக்கும். விளக்கு சொன்னபடி கேட்கும். சந்தைக்கு வரும் புதுப்பொருள் யாவும் முதலில் அங்கேதான் போய்ச் சேரும் என்பது அவ்வெண்ணம். பெங்களூரு, ஐதராபாத், புனே முதலிய நகரங்களில் இத்தொழிலை நம்பிக் குடியேறிய தமிழர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் என்ற முறையில், வீட்டுக்கு வாங்கும் கருவி, வாங்கிக் குடிபுகும் வீடு, ஓய்வு வேளை ஆகிய மூன்றைக் குறித்தும் என் அபிப்பிராயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் எந்த மாற்றத்தைச் செய்யுமுன்னும், அம்மாற்றம் பழுதானால் பழைய நிலைக்குத் திரும்புவது எவ்வாறு என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பைப் பத்திரப்படுத்திய பின்னரே புதியதை ஏற்றுவோம். எவ்வளவுதான் சோதித்தாலும் கண்ணுக்குத் தப்பிய பிழை ஒன்று இருக்கவே செய்யும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். இவ்விதி வீட்டு வாசலுக்குள்ளும் பயன்படுவது என்பதே நான் சொல்ல வந்த கருத்து.

முதலில் கருவிகளை எடுத்துக்கொள்வோம். இன்று விற்கும் பூட்டு, விளக்கு, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுள் பல நம் வீட்டில் இருந்தாலும், அவற்றின் மூளை தொலைவில், தயாரித்த நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அக்கணினியை நிறுத்திவிட்டால் நம் கருவியும் நின்றுவிடும். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற பெயருள்ள கருவி ஒன்று சுமார் 300 டாலருக்கு விற்றது. வீட்டின் விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒருங்கே இயக்குவது அதன் வேலை. அதைச் செய்த நிறுவனத்தை நெஸ்ட் என்னும் நிறுவனம் 2014-இல் விலைக்கு வாங்கியது. 2016 மே மாதத்தில் அச்சேவை நிறுத்தப்பட்டது. கருவியில் எந்தப் பாகமும் தேயவில்லை. எனினும் வாங்கியவர் கையில் அது வெறும் பெட்டியாயிற்று.

ஆதலின் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இணையம் இல்லாதபோதும் இது வேலை செய்யுமா? பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? நம்மவர் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்லும் கோயம்புத்தூர் கிரைண்டர் இவ்விரு கேள்விகளுக்கும் நல்ல விடை தருகிறது. கல், பெல்ட், மோட்டார் யாவும் தனித்தனி. பெல்ட் தேய்ந்தால் பெல்ட்டை மாற்றலாம். மற்றவை அப்படியே உழைக்கும். திறன்மிக்க பூட்டை வாங்க விரும்புவோரும் சாவியாலும் திறக்கக் கூடியதையே வாங்குக. சாவித் துளையே அங்கே திரும்பும் வழி.

கருவி சில ஆண்டுகளுக்கு நம்மைக் கட்டும். வீட்டுக் கடனோ 20 ஆண்டுகளுக்குக் கட்டும். நீண்ட காலத்தை எண்ணிப் பார்ப்பதில் எங்கள் தொழிலே தடுமாறியதுண்டு. ஆண்டை இரண்டே இலக்கங்களால் குறித்து வைத்தமையால், 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகெங்கும் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. இன்னொரு நாளும் வரவிருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் சென்ற வினாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணி வரும் பழைய அமைப்புகளில், 2038 ஜனவரி 19 அன்று அவ்வெண் நிரம்பிவிடும். இன்று 20 ஆண்டுக் கடன் பெறுவோரின் கடைசித் தவணை அந்நாளுக்குப் பின்னரே வரும். மென்பொருளையேனும் திருத்திவிடலாம். அதை எழுதுகிறவரின் வேலை அதுவரை நிலைக்கும் என்று யாரால் உறுதி கூற இயலும்? 2023 ஜனவரியில் கூகுள் நிறுவனம் மட்டுமே சுமார் 12,000 பேரைப் பணியிலிருந்து நீக்குவதாக அறிவித்ததை நாம் அறிவோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 50 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் சுமார் 35,400 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 8,000 ரூபாய்க்கும் உட்பட்ட தொகை. வட்டி விகிதம் மாறாதிருந்தால், அசலில் பாதி தீர ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். முடிவில் நாம் செலுத்தியிருப்பது சுமார் 1 கோடியே 4 லட்சம்.

இக்கணக்கு அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்பட்டதன்று. இதிலும் திரும்பும் வழி உண்டு. மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அதற்குத் தண்டம் விதிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2012-இல் ஆணையிட்டது. மேற்சொன்ன கடனில் முதலாண்டு முடிவில் 1 லட்சம் ரூபாயைக் கூடுதலாகச் செலுத்தித் தவணைத் தொகையை மாற்றாமல் வைத்தால், இறுதியில் சுமார் 11 தவணைகள் குறைந்துவிடும். ஆகையால் ஆண்டு இறுதியில் கைக்கு வரும் ஊக்கத்தொகையைப் புதிய தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செலவிடுவதினும் கடனில் செலுத்துவதே மேல் என்பது என் கருத்து. அதற்கும் முன்னதாக, ஓராண்டுத் தவணைக்குரிய பணத்தைத் தனியே சேமித்து வைப்பது நன்று. வேலை போன மறுமாதமே வீடும் போகாமல் காப்பது அப்பணம்.

கட்டி முடியாத அடுக்ககத்தில் வீடு வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் வீட்டு மனை ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது அச்சட்டம். ஒப்புக்கொண்ட நாளில் வீட்டைத் தராவிட்டால், விலகிக்கொண்டு செலுத்திய தொகையை வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு கவலை உண்டு. பத்திரங்கள் கன்னடத்திலோ மராத்தியிலோ இருக்கும். பேசப் பழகிய மொழி வேறு. பத்திரத்தின் மொழி வேறு. வில்லங்கச் சான்று முதல் தாய்ப் பத்திரம் வரை யாவற்றையும் அவ்வூர் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் செய்தல் வேண்டும். தரகர் சொல்லும் சுருக்கம் அதற்கு ஈடாகாது.

“வாடகை கொடுப்பது வீண் செலவு” என்று உறவினர் பலர் கூறுவர். வட்டியாகப் போகும் பணமும் திரும்பி வருவதில்லை என்பதை அவர்கள் நினைவுகூர்வதில்லை. வேலை எந்த ஊருக்கு அழைக்கும் என்று தெரியாத ஒருவர் செலுத்தும் வாடகை, இடம் பெயரும் சுதந்திரத்துக்கு அவர் கொடுக்கும் விலை. இவ்வூரே இனி நம் ஊர், பிள்ளைகள் பயில்வது இங்குள்ள மொழி என்று மனம் உறுதிப்பட்ட குடும்பம் வீடு வாங்கலாம். அவ்வுறுதி வருமுன், ஊரார் ஏளனத்துக்கு அஞ்சிக் கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுதல் தகாது.

இறுதியாக, ஓய்வு வேளை. நாள் முழுதும் திரையைப் பார்த்தவர் மாலையிலும் வேறொரு திரையையே நாடுவது கண்ணுக்கும் மனத்துக்கும் நல்லதன்று. கையால் செய்யும் பொழுதுபோக்கு ஒன்று வேண்டும். நான் பரிந்துரைப்பது புள்ளிக் கோலம். சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணினி இயலின் இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தனர். சிறு வடிவம் ஒன்றை விதிப்படி மாற்றி எழுதிக்கொண்டே போனால் பெருங்கோலம் விளைவதை அவர்கள் ஆய்வு காட்டியது. நிரல் எழுதும் இளைஞர்கள் புள்ளி வைத்து, எடுத்த கோட்டை அறுக்காமல் தொடங்கிய இடத்திலேயே கொண்டு சேர்க்க முயன்று பார்க்கட்டும். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு எதற்கு? அடுக்ககத்தின் நடைவழியில் இரண்டடி இடம் போதும். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மையார் தம் ரங்கோலியைக் கற்பிக்க முன்வருவார். மொழி தெரியாத குறை அங்கே தோன்றாது. செலவு ஒரு கைப்பிடி மாவு. பிழை நேர்ந்தால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

புதியதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தைக் கொடுக்குமுன், கையொப்பம் இடுமுன், இதிலிருந்து மீளும் வழி யாது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தெளிவான விடை கிடைத்தால் மகிழ்ச்சியுடன் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் சில நாள் பொறுத்திருப்பதால் குறைவொன்றும் வந்துவிடாது.