விலங்கியல் படித்தால் என்ன வேலை?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு வரும். "டாக்டருக்கு மார்க் பத்தல, நர்சிங்குக்குப் பணம் கட்ட முடியாது. பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேங்குது. அதைப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?" இதற்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. நான் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, கொசுவால் வரும் நோய்களைத் தடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். விலங்கியல் படித்தவர் மாட்டு டாக்டர் ஆக முடியாது. அதற்கு ஐந்தரை வருஷம் கால்நடை மருத்துவம் படிக்கணும். விலங்கியல் என்றால் யானை, புலி மட்டும் இல்லை. கொசு, இறால், மண்புழு, பட்டுப்புழு, நம்ம குழந்தைகள் வயிற்றில் இருக்கிற கொக்கிப்புழு எல்லாமே இதில் வரும்.

டெங்கு கொசுவையே எடுத்துக்கோங்க. அது பகலில் கடிக்கும், தேங்கின நல்ல தண்ணியில் பெருகும். முட்டை புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனாலதான் வாரம் ஒரு தடவை தொட்டியைக் காலி பண்ணுங்கன்னு சொல்றோம். காலி பண்ணினா மட்டும் போதாது. முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி தண்ணி ஊத்தினா பொரிச்சிடும். அதனால தேய்ச்சுக் கழுவணும். நம்ம குழுப் பெண்கள் பலர் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரா வீடு வீடாகப் போறாங்களே, அவங்க எடுத்து வர்ற புழு எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வது விலங்கியல் படிச்சவங்க வேலை. புதுச்சேரியில் 1975-ல் இருந்து இதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இயங்குது.

வேறு வழிகளும் இருக்கு. பி.எஸ்சி.யோட பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியருக்கு முயற்சி பண்ணலாம். எம்.எஸ்சி., பி.எட். இருந்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரி ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.க்கு மேல நெட், செட் அல்லது முனைவர் பட்டம் வேணும். வனத்துறையில் சேர டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு இருக்கு. மத்திய அரசின் இந்திய வனப்பணித் தேர்வுக்கும் விலங்கியல் பட்டம் செல்லும். கடலோரத்துப் பிள்ளைகளுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கு. இறால் குஞ்சு பொரிப்பகங்களிலும் படித்தவர்களுக்கு வேலை உண்டு. காட்டுயிர் ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கு.

"காடு, கடல்னு அலையுற வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்பாங்க. ஜெ. விஜயா என்று ஒருவர் இருந்தார். சென்னை எத்திராஜ் கல்லூரியில் படிக்கும்போதே பாம்புப் பண்ணைக்குப் போய் வேலை கத்துக்கிட்டவர். பாம்பு, ஆமை போன்ற ஊர்வனவற்றை ஆராய்ந்த முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்வாங்க. எழுபது வருஷமா ஆராய்ச்சியாளர் யார் கண்ணிலும் படாத ஒரு காட்டு ஆமையை 1982-ல் கேரளக் காட்டில் தங்கிக் கண்டுபிடித்தார். இருபத்தெட்டு வயதிலேயே இறந்துட்டார். ஆனால் 2006-ல் அந்த ஆமை இனத்துக்கு அவர் பெயரை வைத்து 'விஜயாகெலிஸ்' என்று அறிவியல் பெயர் கொடுத்தாங்க.

இப்போ ஒரு கசப்பான உண்மையும் சொல்லணும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தப் படிப்புக்கு நேரடி வேலை குறைவு. மூணு வருஷம் படிக்க வைத்து, உடனே கல்யாணம் பண்ணி அனுப்பிட்டு, "விலங்கியல் சோறு போடாது" என்று சொன்னா, அது படிப்போட குறை இல்லை. மேல ரெண்டு வருஷம் எம்.எஸ்சி.யோ, பி.எட்.டோ படிக்கணும். அதுக்கப்புறம் தேர்வுக்குத் தயாராகக் கொஞ்ச காலம் வேணும். அந்த மூணு நாலு வருஷம்தான் அவளுக்கு வேலையா, இல்லையா என்பதை முடிவு பண்ணுது.

அதனால மூணு விஷயம் கேட்டுக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிச்ச பிள்ளைக்கு குரூப் எடுக்கும்போது உயிரியல் இருக்கான்னு பாருங்க. அது இல்லாவிட்டால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிடும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அதைக் கேட்டு வாங்குங்க. மூணாவது, உள்கடன் கொடுக்கும்போது மாடு வாங்க, கடை வைக்க என்று கேட்பவருக்குக் கொடுக்கிற மாதிரியே, மகளின் எம்.எஸ்சி. கட்டணத்துக்குக் கேட்கிற அம்மாவுக்கும் முன்னுரிமை கொடுங்க.

ஆட்டுக்கு எப்போ குடற்புழு மருந்து கொடுக்கணும், அடைக்கு எத்தனை முட்டை வைக்கணும் என்று உங்களுக்குத் தெரியும். உங்க கையில் இருக்கிற அந்த அறிவைத்தான் உங்க மகள் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்கப் போறா. அவளை நம்பி அனுப்புங்க.