கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அமானிதம்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட இளைஞர்கள், வணிகர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

பாஸ்வேர்டைப் பற்றிப் பேச ஓர் ஆலிம் எதற்கு என்ற கேள்வி சிலருடைய முகத்தில் தெரிகிறது. அமானிதத்தைப் பற்றிப் பேச ஆலிம் வராமல் வேறு யார் வருவது?

கி.பி. 622. மக்கத்துக் குறைஷிகள் பெருமானார் (ஸல்) அவர்களைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் அதே மக்கத்து மக்கள் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்த பொருள்கள் யாரிடம் இருந்தன? பெருமானாரிடம்தான்! அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டுத்தான் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்தான இரவிலும் ஊரார் பொருளுக்குக் கணக்கு இருந்தது.

இப்போது உங்கள் கடைக்கு வாருங்கள். லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் குறைவு. அவர்களுடைய பாஸ்போர்ட் நகலும் விசா தாளும் டிராவல்ஸ் வைத்திருப்பவரின் ஈமெயிலில் கிடக்கின்றன. பெரம்பலூரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வாங்கி விற்பவரின் கம்ப்யூட்டரில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள். அரியலூரில் சிமெண்ட் ஏஜென்சி நடத்துபவரிடம் நூறு வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. கணக்கு. இவையெல்லாம் உங்கள் சொத்தா? ஊரார் உங்களை நம்பிக் கொடுத்தவை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். 2025-ல் கொண்டு வரப்பட்ட வக்ஃபு திருத்தச் சட்டத்தின் மீது நமக்குள்ள எதிர்ப்பு வேறு, அதில் மாற்றமில்லை. ஆனால் 2025 ஜூன் 6 அன்று ‘உமீத்’ இணையதளம் தொடங்கப்பட்டு, ஆறு மாதத்திற்குள் வக்ஃபு சொத்துக்களைப் பதிவேற்றச் சொன்னபோது நம் முத்தவல்லிகள் என்ன பாடுபட்டார்கள்! முத்தவல்லி பதிவேற்ற வேண்டும், வக்ஃபு வாரியம் சரிபார்க்க வேண்டும், அதற்கு மேல் ஒப்புதல் வேண்டும். முதல் படியே முத்தவல்லியின் பெயரில் திறக்கும் கணக்கு. அந்தக் கணக்குக்கு எந்த ஈமெயில், அதன் பாஸ்வேர்டு யாரிடம்? பிரௌசிங் சென்டரில் வேலை பார்க்கும் தம்பியிடம் என்றால், பள்ளிவாசல் நிலத்தின் சாவி அந்தத் தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. தம்பி நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் துபாய்க்குப் போய்விட்டால்?

நாம் பாஸ்வேர்டு வைக்கும் அழகு தெரிந்ததுதான். பெயருக்குப் பின்னால் 786. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இந்த அவையில் எத்தனை பேர் என்று எண்ண எனக்கு ஆசையில்லை. ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2009-ல் சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் திருடு போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456! 2020-ல் நம் நாட்டு பிக் பாஸ்கெட்டிலிருந்து ஏறத்தாழ 2 கோடி வாடிக்கையாளரின் விவரங்கள் கசிந்தன. காய்கறி வாங்கிய இடத்தில் வைத்த அதே பாஸ்வேர்டை ஈமெயிலுக்கும் வங்கிக்கும் வைத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் கிடைத்ததை நூறு இடத்தில் போட்டுப் பார்ப்பதுதான் திருடனின் தொழில்.

ஒவ்வோர் இடத்திற்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வேண்டும். அத்தனையையும் மனிதனால் நினைவில் வைக்க முடியாது. அதற்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற பெட்டகம். எல்லாவற்றையும் அதுவே உருவாக்கி, பூட்டி வைத்துக் கொள்ளும். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தின் ஒரே ஒரு சாவியை. பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்.சி. இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. முன்னது இணையத்தின் வழியாகக் கடைக் கம்ப்யூட்டர், செல்போன் இரண்டிலும் வரும். பின்னது உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாக இருக்கும். அதன் பிரதியை இரண்டு பென் டிரைவில் வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

“எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் போட்டால், பெட்டியே போனால்?” நியாயமான கேள்வி. போயிருக்கிறது. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் புகுந்தவர்கள் வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளையே அள்ளிச் சென்றார்கள். பெட்டகங்கள் பூட்டியே இருந்தன. ஆனால் தலைமைச் சாவியைச் சொத்தையாக வைத்திருந்தவர்களின் பூட்டை, கம்ப்யூட்டரை வைத்து ஓயாமல் ஊகித்து உடைக்க முடியும். பாரம் முழுவதும் அந்த ஒரு சாவியின் மேல்தான்.

அந்தச் சாவியை எப்படி அமைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள். பிள்ளை பெயர், ஊர் பெயர், வண்டி எண் கூடாது. பாட்டு வரி, பழமொழி கூடாது. மனதிற்குத் தோன்றியதை எடுக்காதீர்கள். ஓர் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு தடவை திறந்து விரல் பட்ட சொல்லை எடுங்கள். அதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கொள்ளலாம். மொழியில் அடிக்கடி வரும் எழுத்துக்களை எண்ணிப் பார்த்தே மறைமொழியை உடைக்கலாம் என்று பக்தாதில் 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் அல்கிந்தி. இந்தக் கலையில் நம் முன்னோர் ஆசிரியர்கள். நாமோ 786-ஐ நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

இதையெல்லாம் விட முக்கியம், பெட்டகத்தை வைக்கும் வீடு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது சில நூறு ரூபாய்க்கு ‘கிராக்’ விண்டோஸ் போட்டுத் தருவார்கள். திருட்டு மென்பொருள் ஹலாலா ஹராமா என்பதைத் தனியாகப் பேசுவோம். அதற்குள் நீங்கள் தட்டுகிற எழுத்தையெல்லாம் குறித்து வெளியே அனுப்பும் வைரஸ் ஒளிந்திருக்கலாம். அதன் மேல் எந்தப் பெட்டகத்தை வைத்தும் பயனில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப் என்றால் முழுவதும் அழித்துவிட்டு அசல் விண்டோஸ் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்துவிட்டது. அதை நம்பி இனி வாங்க வேண்டாம். அப்டேட் எல்லாம் முடியட்டும், பிறகு பெட்டகம். பிட்லாக்கர் பூட்டு இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எடுத்து வையுங்கள்.

பெட்டகத்தை இறக்கும்போது கூகுளில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். 2023 அக்டோபரில் கீபாஸ் பெயரில் ஒரு போலி விளம்பரம் வந்தது. முகவரியில் ‘கே’ எழுத்தின் கீழே ஈ முட்டை அளவு ஒரு குறி, அதுதான் வித்தியாசம். இறக்கியவருக்குக் கிடைத்தது வைரஸ். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

குரோம் முன்பே சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பாக எடுத்துப் பெட்டகத்தில் சேர்க்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்தக் கோப்பில் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கும். வேலை முடிந்த கையோடு அதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், குரோமில் உள்ளதையும் அழியுங்கள். சில நிமிடம் தொடாவிட்டால் பெட்டகம் தானே பூட்டிக்கொள்ளும்படி அமையுங்கள். டீ குடிக்கப் போன நேரத்தில் கல்லாவைத் திறந்து வைப்பீர்களா?

பிட்வார்டன் என்றால் இரண்டாவது பூட்டும் போடுங்கள்; செல்போன் செயலியில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். செல்போன் தொலைந்தால் உதவும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தலைமைச் சாவியை மறந்தால் அந்த நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. யு.பி.ஐ. பின் எண்ணை மட்டும் மனதிலேயே வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, மவ்த்தைப் பற்றி. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நீங்கள் கண்ணை மூடினால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கும் உங்களோடு பூட்டிக் கிடக்கலாமா? தலைமைச் சாவியையும் மீட்புக் குறியீட்டையும் உறையில் போட்டு ஒட்டி, மனைவியோ மகனோ அறிய ஓரிடத்தில் வையுங்கள். ஜமாஅத் கணக்கு என்றால் தலைவர், செயலாளர் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்; நிர்வாகம் மாறும்போது பாஸ்வேர்டை மாற்றி ஒப்படைத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கஃபாவின் சாவியைக் கூட ஹிஜ்ரி 8-ல் பெருமானார் (ஸல்) அவர்கள் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். இன்றுவரை அந்தக் குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.

லேப்டாப் கொண்டு வந்தவர்கள் அஸருக்குப் பிறகு இங்கேயே உட்காருங்கள். தம்பிகள் உதவுவார்கள், ஆனால் நீங்கள் சாவியைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். முதலில் ஈமெயிலை மாற்றுவோம், அடுத்து வங்கி, ஜி.எஸ்.டி.; மற்றவை இந்த மாதத்திற்குள் ஒவ்வொன்றாக. ஒரு தாளும் பேனாவும் போதும், இன்ஷா அல்லாஹ்.